கள்ள ஆட்டமும் காணும் கண்ணும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் தமிழின் தொன்மை குறித்தோ, பிறந்த மண்ணைப் பிரிந்து வந்த நம் வாழ்வு குறித்தோ பேசுவது வழக்கம். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. இணையவழி விளையாட்டுகளில் கள்ள நிரல்களைப் பயன்படுத்துவோர் பிடிபடுவார்களா, மாட்டார்களா என்பதே அது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்த எமக்கும் கணிப்பொறி விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. தொடர்பு உண்டு, அதனை உரையின் பிற்பகுதியில் மறைக்காமற் சொல்வோம்.

சில திங்களுக்கு முன் ஒரு மாலையில், அலுவல் முடிந்து திருவனந்தபுரத்திலிருந்து பேருந்தில் வித்துரா வந்து இறங்கினோம். நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவன் கைபேசியும் கையுமாக எம்மோடு நடந்து வந்தான். "மாமா, விளையாட்டில் ஹேக் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களா? எத்தனை பேரில் ஒருவன் மாட்டுவான்?" என்று கேட்டான். செய்யலாமா என்று அவன் கேட்கவில்லை. மாட்டுவோமா என்றே கேட்டான். அக்கேள்விக்கு நடைபாதையில் விடை சொல்ல இயலவில்லை. இன்று சொல்ல முற்படுகின்றோம்.

முதற்கண் இக்கள்ளம் யாதென்று பெற்றோர் அறிய வேண்டும். துப்பாக்கி ஏந்தி ஆடும் விளையாட்டுகளில், குறி தானாகவே எதிரியின் தலையில் சென்று நிற்குமாறு செய்யும் நிரல் உண்டு. சுவருக்கு அப்பால் ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்கும் நிரலும் உண்டு. சதுரங்கத்திலோ இவ்வளவு தொல்லையில்லை. 1997 மே மாதம் நியூயார்க் நகரில், அந்நாளைய உலக வெற்றிவீரர் காஸ்பரோவை ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறி வென்றது. அன்று அக்கணிப்பொறி காட்டிய சதுரங்க ஆற்றலை இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைபேசி விஞ்சி நிற்கிறது. ஆட்டத்தை ஒரு கருவியில் ஆடிக்கொண்டு, அடுத்த நகர்வை மற்றொரு கருவியிடம் கேட்டுக்கொண்டால் போதும். உலக வீரனையும் ஒரு பள்ளிப் பிள்ளை வென்றுவிடலாம்.

இவ்வாறு ஆடுகின்றவன் மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது. "கோடிக்கணக்கானோர் ஆடுகின்றனர். என் வீட்டு அறையில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்பதே அக்கணக்கு. சீட்டின்றி வண்டியேறுபவனின் கணக்கும் இதுதான். ஒருமுறை தப்பும் வாய்ப்பு நூற்றில் தொண்ணூற்றொன்பது என்றே கொள்வோம். அதே வாய்ப்போடு நூறு முறை சென்றால், ஒருமுறையேனும் அகப்படும் வாய்ப்பு நூற்றில் அறுபத்து மூன்று ஆகிறது. ஒருமுறை தப்பியவன் அத்தோடு நிற்பதில்லை என்பதை இருபதாண்டுப் பணியில் கண்டிருக்கின்றோம். தப்பித்த இன்பமே அவனை மறுமுறையும் ஏற்றி விடுகிறது.

ஆனால் இரண்டிற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. நேற்றுச் சீட்டின்றிச் சென்றவனை இன்று சோதிக்க இயலாது, வண்டி போய்விட்டது. இணைய ஆட்டம் அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு நகர்வும், அதற்கு எடுத்துக்கொண்ட நொடிகளும் நிறுவனத்தாரின் பேரேட்டில் பதிவாகின்றன. அந்த வண்டி நிலையத்தை விட்டுப் போவதேயில்லை. இன்றைய சோதனை முறைக்குத் தப்பிய ஆட்டத்தை, நாளை வரும் சிறந்த முறையால் மீண்டும் சோதிக்கலாம்.

அறைக்குள் எட்டிப் பாராமலே எவ்வாறு கண்டுபிடிக்கின்றனர் என்று வினவலாம். மனிதன் ஆடும்போது பிழை செய்கிறான். அப்பிழைகளும் அவன் தரத்திற்கு ஏற்பவே அமைகின்றன. மேதையும் எப்போதாவது தடுமாறுகிறான். தொடக்கநிலையாளன் அடிக்கடி தடுமாறுகிறான். ஒருவனுடைய நகர்வுகளைக் கணிப்பொறியின் நகர்வுகளோடு வரிசையாக ஒப்பிட்டால், அவன் தரத்தில் உள்ளவனுக்கு எவ்வளவு பொருத்தம் இயல்பு, எவ்வளவு இயல்புக்கு மீறியது என்று கணக்கிட இயலும். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன் என்பார் இத்தகைய புள்ளியியல் முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகின்றார்.

நேரமும் ஒரு சாட்சி. எதிரி ராணியை வெட்டினால் நாம் திருப்பி வெட்டுவதற்கு ஒரு நொடி போதும். சிக்கலான நிலையில் இரண்டு நிமிடம் தலையைச் சொறிவோம். கள்ளமாக ஆடுகின்றவனோ எளிய நகர்வுக்கும் அரிய நகர்வுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம் எடுத்துக்கொள்கிறான். மற்றொரு கருவியைப் பார்த்துத் திரும்புவதற்கு ஆகும் நேரம் அது.

எம் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றோம். தட்கல் பயணச்சீட்டு திறந்த சில நொடிகளிலேயே தீர்ந்துவிடுவதைக் கண்டு நீங்கள் அனைவரும் வருந்தியிருப்பீர்கள். பொங்கலுக்கு ஊர் செல்லத் தவித்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! அங்கும் கள்ள நிரல்களே கைவரிசை காட்டின. பயணியின் பெயரையும் அகவையையும் கண்ணிமைக்கும் நேரத்தில் அவை நிரப்பிவிடும். மனிதக் கைக்கு அவ்வேகம் கிடையாது என்பதே பிடிக்கும் வழியாயிற்று. குறைந்த அளவு நேரம் கழியாத படிவத்தை ஏற்காதவாறு முன்பே ஒரு தடை வைத்தனர். 2025ஆம் ஆண்டு ஐயத்திற்குரிய 2.5 கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் இணையவழித் தட்கல் சீட்டிற்கு ஆதார் சரிபார்ப்பும் கட்டாயமாயிற்று. மனிதனால் இயலாததைச் செய்து காட்டியதே நிரலைக் காட்டிக்கொடுத்தது என்பதை நினைவிற் கொள்க.

விளையாட்டு நிறுவனத்தார் வலைவிரித்துக் காத்திருப்பதும் உண்டு. 'டோட்டா 2' என்னும் விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2023 பிப்ரவரியில் ஒன்று செய்தது. நேர்மையாக ஆடுகின்றவனின் விளையாட்டு ஒருபோதும் படிக்காத ஒரு தரவுப் பகுதியை நிரலுக்குள்ளே மறைத்து வைத்தது. கள்ள நிரல் மட்டுமே அங்கே கை வைக்கும். கை வைத்த கணக்குகள் 40,000க்கும் மேல். அத்தனையும் ஒருங்கே தடை செய்யப்பட்டன. அவர்களுள் ஒவ்வொருவனும் முந்தைய நாள் வரை, "நம்மை யார் பார்க்கிறார்கள்?" என்றே எண்ணியிருப்பான்.

நம் நாட்டினர் தலைகுனிந்த நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 2018 அக்டோபரில் சீன நாட்டு ஷாங்காய் நகரில் ஆசிய அளவிலான துப்பாக்கி விளையாட்டுப் போட்டி நடந்தது. 'ஆப்டிக் இந்தியா' என்னும் நம் நாட்டு அணி அதில் ஆடியது. ஆட்டத்தின் நடுவே நடுவர்கள் ஓர் இளைஞரின் கணிப்பொறியைச் சோதிக்க வந்தனர். குறி பார்க்க உதவும் கள்ள நிரல் அதில் இருந்தது. கடிதம் எழுதும் மென்பொருளைப் போல அதற்குப் பெயர் சூட்டி வைத்திருந்தார் அவர். அணி அன்றே நீக்கப்பட்டது. பின்னர் அணியே கலைக்கப்பட்டது. அவ்விளைஞருக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. மற்ற நால்வர் குற்றம் செய்தாரல்லர்; ஆயினும் அவர்கள் பிழைப்பும் அன்றே போயிற்று. கள்ளத்தின் கூலியை உடனிருப்போரும் பெறுகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அடுத்து நம் தமிழர் ஒருவர் தொடர்பான நிகழ்ச்சி. மயிலாடுதுறையில் பிறந்து, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகி, ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்த் அவர்களை அறியாதார் இலர். 2021 ஜூன் 13 அன்று, கொரோனா துயர்துடைப்புக்கு நிதி திரட்டும்பொருட்டு, நாடறிந்தோர் பலருடன் அவர் இணையத்தில் ஒரே வேளையில் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் என்பவர் அவரை வென்றார். நகர்வுகளைப் பார்த்த சதுரங்க அன்பர்கள் வியப்படையவில்லை, ஐயுற்றனர். மறுநாளே காமத் பிறர் உதவியும் கணிப்பொறி உதவியும் பெற்றதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். பலகையில் உள்ள நிலையைக் கண்டு தாம் ஆடியதாகவும், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சொன்னார். அதற்குமேல் கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்பர்களே! அச்செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, "படித்தவர்களும் இப்படிச் செய்வார்களா!" என்று எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உரத்துப் பேசினோம். பேசி இரண்டு திங்கள்கூட ஆகவில்லை. அதே குற்றத்தை யாமே செய்தோம்.

எம் மகனுக்கு அப்போது அகவை பதினொன்று. பள்ளிகள் மூடியிருந்த காலம். சிறுவர்க்கான இணையவழிச் சதுரங்கப் போட்டி ஒன்றில் அவன் சேர்ந்தான். மலையடிவாரமாதலால் வீட்டுக்குள் அலைவரிசை சரியாகக் கிடைக்காது. மொட்டைமாடியில் பாய் விரித்து ஆடினான். முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றான். அவன் முகம் வாடியது எமக்குப் பொறுக்கவில்லை. எம் கைபேசியில் சதுரங்க நிரல் இருந்தது. மூன்றாம் ஆட்டத்தில், "குதிரையை எடு" என்று மெல்லச் சொன்னோம். அவன் திரும்பி எம்மைப் பார்த்தான். பிறகு குதிரையை எடுத்தான். அவ்வாட்டத்தையும் அடுத்த இரண்டையும் வென்றான். அன்றிரவு வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவன் உண்ணவில்லை, வயிறு சரியில்லை என்றான்.

மறுநாட் காலையில் மின்னஞ்சல் வந்தது. நேர்மை விதியை மீறியதற்காக அவன் கணக்கு மூடப்பட்டது, வெற்றிகள் நீக்கப்பட்டன. முதல் இரண்டு ஆட்டங்களில் சிறுவனைப் போல் ஆடியவன் மூன்றாம் ஆட்டத்திலிருந்து உலக வீரனைப் போல் ஆடியிருந்தான். எந்த நகர்வுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம். எம் முதுமைக் கண் சிறு திரையைப் படித்து வாயால் சொல்வதற்கு ஆன நேரம் அது.

கற்பித்த ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து வினவினார். பிள்ளை, "நானே செய்தேன் சார்" என்றான். யாம் பக்கத்திலேதான் நின்றிருந்தோம், வாய் திறக்கவில்லை. மூன்று நாள் அப்படியே கழிந்தன. மூன்றாம் நாள் இரவு அவன் எம்மிடம் வந்து, "அப்பா, இனிமேல் நான் நிஜமாகவே ஜெயித்தாலும் நம்புவார்களா?" என்று கேட்டான். அதற்கு எம்மிடம் விடையில்லை. அன்றிரவே ஆசிரியர்க்கும் போட்டி நடத்தினோர்க்கும் கடிதம் எழுதிக் குற்றம் எம்முடையது என்று ஒப்புக்கொண்டோம். கணக்கு உடனே திறக்கப்படவில்லை. திறக்க வேண்டும் என்று கேட்கும் தகுதி எமக்கும் இல்லை.

அவன் கேள்வி சிறுபிள்ளைக் கேள்வியன்று என்பதை அடுத்த ஆண்டே உலகம் கண்டது. 2022 செப்டம்பர் 4 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பத்தொன்பது வயது ஹான்ஸ் நீமன் உலக வெற்றிவீரர் மாக்னஸ் கார்ல்சனை நேருக்கு நேர் வென்றார். மறுநாள் கார்ல்சன் போட்டியிலிருந்தே விலகினார். ஐயம் நீமன் மீது விழுந்தது. பன்னிரண்டாம் வயதிலும் பதினாறாம் வயதிலும் இணைய ஆட்டங்களில் கள்ளம் செய்ததை நீமன் ஒப்புக்கொண்டார். அக்டோபரில் செஸ்.காம் நிறுவனம் 72 பக்க அறிக்கை வெளியிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட இணைய ஆட்டங்களில் அவர் கள்ளம் செய்திருக்கக்கூடும் என்றது. நேரில் ஆடிய அந்த ஆட்டத்தில் கள்ளம் நடந்ததற்குச் சான்று எதுவும் வெளிவரவில்லை. தக்க காரணமின்றி விலகியதற்காகக் கார்ல்சனுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2023இல் 10,000 யூரோ தண்டமும் விதித்தது. ஆயினும் என்ன? ஓர் இளைஞனின் வாழ்நாளில் மிகப் பெரிய வெற்றி, சிறு வயதுக் குற்றத்தின் நிழலில் மங்கிப் போயிற்று.

இந்நிகழ்ச்சி மற்றொரு பாடமும் புகட்டுகிறது. ஐயம் வேறு, சான்று வேறு. கணக்கு ஐயத்தைத் தரும். ஒரே ஆட்டத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. நேர்மையான பிள்ளையும் ஒரு நாள் மிக நன்றாக ஆடிவிடுவான். அவன் மீது பழி வந்தால் பெற்றோர் அஞ்சாமல் முறையீடு செய்ய வேண்டும். அவன் பழைய ஆட்டங்களைக் காட்ட வேண்டும். நடுவர் முன்னிலையில் ஆடிக் காட்டவும் இசைய வேண்டும். கள்ளம் செய்தவனுக்கு இவ்வழி இல்லை. பலகையின் முன் நேரில் அமர்த்தினால் அவன் அம்பலமாகி விடுவான்.

இன்னோர் இடரையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டுகின்றோம். இலவசமாகக் கிடைக்கும் கள்ள நிரல்கள் பல, திருடுவதற்கென்றே செய்யப்பட்டவை. விளையாட்டில் ஏமாற்ற உதவுவதாகச் சொல்லிக்கொண்டு கைபேசியில் நுழைந்து, கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் கவர்ந்து செல்லும். நம் இல்லங்களில் பிள்ளை விளையாடும் கைபேசியிலேதான் ஊருக்குப் பணம் அனுப்புகின்றோம். ஏமாற்றப் போனவன் வீட்டாரையே ஏமாற்றத்திற்கு உள்ளாக்குகின்றான்.

பாரதக் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். சகுனியின் ஆட்டத்தில் வஞ்சம் இருந்ததை அவையில் அமர்ந்திருந்த பெரியோர் அறியாமல் இல்லை. அங்கே கண்டுபிடிப்பார் இல்லை என்பது குறையன்று. கண்டும் பெரும்பாலோர் வாய் திறவாதிருந்தனர் என்பதே குறை. மூன்று நாள் வாய் திறவாதிருந்த யாமும் அந்த அவையில் ஒருவராகவே இருந்தோம். இணையத்தில் காவல் காக்கும் கருவிகள் பெருகட்டும், அவை வேண்டியவையே. எனினும் வீட்டில் உள்ள பெரியவர் காணும் கண்ணாக இருக்க வேண்டும். கள்ளத்திற்குக் கைகொடுக்கும் கையாக இருத்தல் ஆகாது. பிள்ளை தோற்றுவிட்டு வந்தால், "எந்த இடத்தில் தவறினாய்?" என்று உடனமர்ந்து பாருங்கள். ஏன் தோற்றாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எம் மகன் ஓராண்டுக் காலம் சதுரங்கப் பலகையைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிறன்று தானாகவே மரப்பலகையை எடுத்து வைத்து, "அப்பா, ஆடலாமா?" என்றான். இப்போது மாலை வேளைகளில் நம் குடியிருப்புச் சிறுவர்களோடு நேரில் ஆடுகின்றான். வெல்வதும் உண்டு, தோற்பதே மிகுதி. யாம் தொலைவில் அமர்ந்து பார்க்கின்றோம். எம் கைபேசி அப்போது வீட்டில் இருக்கும்.

நடைபாதையில் வினவிய அந்தச் சிறுவன் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றான். தம்பி, உன் கேள்விக்கு எம் விடை இது: இன்று மாட்டலாம், நாளை மாட்டலாம், பத்தாண்டு கழித்தும் மாட்டலாம், பதிவு அழியாது. எவரிடமும் மாட்டாமற் போனாலும், நீ எவ்வளவு நன்றாக ஆடுவாய் என்பது உனக்கே தெரியாமற் போய்விடும். ஞாயிறன்று மாலை எம் வீட்டுக்கு வா. பலகை விரித்திருக்கும்.